பேரேட்டின் வலது ஓரம்

உள்ளே பலூன் ஊதி நிற்கும் குழாய் ஒன்று,
அடிவயிற்றில் துளையிட்டு வைப்பது ஒன்று,
அவ்வப்போது நாமே விட்டு
வடித்து எடுத்துவிடுவது ஒன்று.
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில்
படுக்கைமேல் துணி விரித்து
சகாயராணி சிஸ்டர் மூன்றையும் பரப்பினார்,
வளையல்காரர் மாதிரி.

தொப்பூர் இறக்கத்தில் வேன் கவிழ்ந்து
அன்றோடு நாற்பத்தொரு நாள்.
இடுப்புக்குக் கீழே இருப்பது
பக்கத்து வீட்டு உடம்பு.
நிறைந்தால் சொல்லாது,
கேட்டாலும் சொல்லாது.

எனக்கு முன்னால் கொழுந்தனார் பதில் சொன்னார்:
"பை வெச்சதே போடுங்க சிஸ்டர்,
யாருக்கும் தொல்லை இல்லை."
அந்த யாருக்கும் என்பதில்
நான் இருக்கிறேனா
என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டேன்.
அவர் சொன்னதற்காக இல்லை.
"கை ரெண்டும் நல்லா இருக்கே,
நாலு மணிக்கு ஒருதரம்
நீயே எடுக்கலாமே" என்றார் டாக்டர்.
"ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
கக்கூசுக்கு மூணு படி, டாக்டர்.
கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது."
அவர் பேனாவை மூடி
ஜன்னலைப் பார்த்தார்.

பதினொரு மாதம் அந்தப் பை
நாற்காலியில் கட்டிய இன்னொரு மனுஷி.
எப்போதும் எனக்குக் கீழேதான் தொங்கவேண்டும்,
மேலே ஏறினால் போனதெல்லாம் திரும்பி வரும்.
தலைப்பால் மூடினேன்.
நடக்கும்போது வராத வெட்கம்
உட்கார்ந்தபின் வந்தது.

மூன்று முறை குளிர்காய்ச்சல்.
சித்திரை வெயிலில் இரண்டு கம்பளி போர்த்திப்
பல் கிட்டக் கிடந்தேன்.
ஒரு ராத்திரி குழாய்க்குள் சுண்ணாம்பு பூத்து அடைத்து
ஒன்றரை மணிக்கு ஆம்புலன்ஸ்.
"நம்ம ஊர் போர்த் தண்ணி மாதிரிதான்க்கா,
எந்தப் பைப்பையும் விடாது"
என்றான் ஓட்டி வந்த பையன்.
காய்ச்சலோடு சிரித்தேன்.

"அந்த மூணாவது குழாய்
இன்னும் இருக்கா சிஸ்டர்?"

பன்னிரண்டாம் நம்பர்.
கை கழுவு, விரலிடுக்கு வரைக்கும் சோப்பு.
ஜெல்லி. காலிடையில் கண்ணாடி.
முப்பத்தாறு வயதில்
முதன்முதலாகப் பார்த்தேன்
எனக்கே காட்டாமல் வைத்திருந்த என்னை.
மூன்று நாள் வழி தவறியது.
தவறினால் அது வேண்டாம், புதுசு எடு,
அழுவதானால் அழுதுவிட்டு எடு.
நான்காம் நாள்
குவளையில் விழுந்த சத்தம்
யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.

மண்டியில் மூன்று படியும் அப்படியே இருக்கின்றன.
மனு கொடுத்தாயிற்று, ரசீது இருக்கிறது.
கிரேட் அடுக்கும் முனிரத்தினம்தான்
ஒருநாள் ஒன்றும் கேட்காமல்
கணக்கு ரூமின் மூலையில்
வெறும் கிரேட்டுகளைத் தலை உயரம் அடுக்கி
சாக்குப்படுதா தொங்கவிட்டார்.
யாராவது வந்தால்
"உள்ளே கணக்கு நடக்குது" என்பார்.
பொய்யில்லை.

ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து.
பேரேட்டில் இடப்பக்கம் ஊர்ச் சரக்கு,
பேனாவில்.
வலது ஓரம் பென்சிலில் என் சரக்கு:
முந்நூற்றைம்பது, நானூறு, இருநூற்றெண்பது.
நானூறைத் தாண்டினால்
அடுத்த முறை கொஞ்சம் முன்னால் போகவேண்டும்.
மோர் குடித்த நாள் ஏறும்,
வியர்த்த நாள் இறங்கும்.
விலைக்குக் கூட
இவ்வளவு நியாயம் கிடையாது.

நேற்று பேரிகைத் திம்மராயன்
பட்டுவாடாவுக்கு வந்தவர்
பேரேட்டை எட்டிப் பார்த்துக் கொதித்தார்.
"ஏம்மா நாகவேணி,
என் தக்காளிக்குக் கிரேட்டு இருநூறு.
இங்க நானூறுன்னு எழுதியிருக்கே,
அது எந்த ஊரு காயி?"

ரப்பரைத் தேடினேன், ஒரு கணம்தான்.
"அது ஏலத்துக்கு வராத சரக்குண்ணே" என்றேன்.

மணி பத்தாகியிருந்தது.
பென்சிலை நடுவில் வைத்துப் பேரேட்டை மூடிவிட்டு
படுதாவை நோக்கிச்
சக்கரத்தைத் திருப்பினேன்.