சம்மதப் படிவம்

தேதி கேட்டார் மனநல மருத்துவர்.
சொன்னாள். கேட்காமலே
மேட்டூர் நீர்மட்டமும்: எழுபத்தொரு அடி.
நூறிலிருந்து ஏழேழாய்க் கழித்தாள்
இரண்டு வரை, திக்காமல்.

"கால் விரல்?"
"நடவுச் சேறு சார். காஞ்சா உதிர்ந்துடும்."

அக்கா நடவுக்குப் போய் ஆறு போகம் ஆகிறது.
கறுத்த விரலை ஈ விடுவதாயில்லை.

வெட்டாவிட்டால் என்னாகும், தெரியுமா?
"தெரியும். விரல் அழுகினவங்க செத்துப்போவாங்க.
எனக்குச் சேறுதானே."

அந்தத் 'தானே'யை
எந்தக் கட்டத்தில் குறிப்பதென்று
பேனா நின்றது.

என் பக்கம் திரும்பினார்:
எத்தனை நாளாய் இப்படி?
"போன மாசம்தான்" என்றேன்.

பதினோரு வருஷம்.

"டாக்டர், இவனையும் தேதி கேளுங்க"
என்றாள் சௌந்தரவல்லி,
நீடாமங்கலம் ரயில்வே கேட்
திறக்கக் காத்திருப்பவள் போல
அந்தக் காலையே ஆட்டிக்கொண்டு.