மைக்ரோவேவில் ஒரு மியூசியம்

பள்ளியிலிருந்து மியூசியம் கூட்டிப்போனார்கள்.
திரும்பிவந்த ரெஃபினா
ஷூவைக் கழற்றும் முன்பே அறிவித்தாள்:
"ஹிஸ்டரின்னா கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறது.
தொட்டா மிஸ் திட்டுவாங்க."

முத்துக் குளித்தவர்கள் மூக்கில் மாட்டும் கிளிப்பைப்
பார்த்தாளாம்.
நம் துணிக்கொடியில் இருப்பது மாதிரியேதானாம்,
கலர்தான் போய்விட்டதாம்.
படத்தில் கயிற்றைப் பிடித்து நின்றவருக்கு
என்னைப் போலவே விலா எலும்பு தெரிந்ததாம்.
"அப்போ நீ அங்கதான வேலை பார்த்த?"

அப்போ என்பது அவளுக்கு ஒரே ஒரு நாள்.
டைனோசர், கயிறு பிடித்த மனிதர்,
எங்கள் கல்யாணம், லிஃப்ட் கெட்டுப்போன வாரம்
எல்லாமே அந்த நாளில் நடந்தவை.
கல்யாண ஆல்பத்தில் தான் இல்லாததற்குக்கூட
அவளிடம் காரணம் உண்டு:
"அன்னைக்கு எனக்கு ஸ்கூல்."

எந்த ஊர் என்று யாராவது கேட்டால்
முஹாரக், பிளாட் பன்னிரண்டு என்பாள்.
"தூத்துக்குடின்னு சொல்லு பாப்பா" என்பாள் ஜெசிந்தா.
"அது ஊர் இல்லம்மா. லீவு."

வியாழன் இரவு
ட்ரை டாக்கில் ஓவர்டைம் முடித்து வந்தேன்.
மீன்குழம்பைச் சூடாக்க மைக்ரோவேவைத் திறந்தால்
சுழலும் தட்டில், மஞ்சள் வெளிச்சத்தில்,
வட்டமாக அடுக்கிவைத்திருந்தாள்:
ஹித் வீட்டுச் சாவி
(திருப்பிக் கொடுக்க மறந்தது.
திருப்பிக் கொடுக்க இப்போது அந்தக் கட்டிடம் இல்லை),
மூலை வெட்டிய என் முதல் பாஸ்போர்ட்,
பஞ்சில் விழுந்த பல்,
தேதி முடிந்த சி.பி.ஆர். அட்டை,
ஊதா நிறத்தில் ஒரு தலை கிளிப்.

சாவியைக் கண்டதும் பதறி
ப்ளக்கைப் பிடுங்கினேன்.
"மியூசியத்துல கரண்ட் போச்சு!"
ஓவென்று அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

செல்போன் டார்ச் பிடித்துச்
சுற்றிப் பார்க்க வேண்டியதாயிற்று.

பாஸ்போர்ட்டின் மூலையைக் கடித்தது
எந்த மிருகம் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லையாம்.
சி.பி.ஆரில் மீசையோடு இருப்பது
நான்தான் என்றேன்.
அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"உனக்கு முன்னாடி குடியிருந்தவரா?"

எங்கள் கதவுக்கு இன்னும் கடிதம் வருகிறது
நாங்கள் பார்த்தேயிராத ஒருவர் பெயருக்கு.
அவர் ஒட்டிய ஆட்டுக்குட்டி ஸ்டிக்கர்
குளியலறைக் கண்ணாடியில் உரியாமல் இருக்கிறது.
ஆமாம் என்றேன்.
முன்னாடி குடியிருந்தவர்தான்.

"இந்தக் கிளிப்?"
"சுமையாவோடது. அவ கேன்சல் ஆயிட்டா."

விசா ரத்தாகி
எதிர் பிளாட் சூடான்காரர்கள் போனது
இந்த ரமலானில்தான்.
பிரியாணித் தட்டு ஒன்று
அவர்களுடையது, இன்னும் எங்களிடம் இருக்கிறது.
கிளிப்பின் கீழே பென்சிலில்
எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள்:
பளய காலம்.

எங்கள் ஊர்க் கடலிலும்
முத்துக் குளித்தார்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"டிக்கெட் எடுத்தியா?" என்றாள்.
சட்டைப்பையில் கிடந்த
நூறு ஃபில்ஸைக் கொடுத்தேன்.

குழம்பு அடுப்பில் கொதிக்கிறது.
ஒரு வாரத்துக்கு அடுப்புதான்
என்று ஜெசிந்தாவும் ஒப்புக்கொண்டாள்.
கொடியிலிருந்து பச்சைக் கிளிப்பை எடுத்துவந்து
என் மூக்கில் மாட்டுகிறாள் ரெஃபினா.
"கடலுக்குள்ள இருக்க. மூச்சு விடாத.
நான் பத்து எண்ணினதும் மேல வா."

வாஹித்.
இத்னைன்.
தலாத்தா.
நாலு.
அஞ்சு.
சித்தா.

அதற்குமேல் மறந்துவிட்டது.
இரு இரு என்று கை காட்டிவிட்டு
மறுபடியும் தொடங்குகிறாள்
வாஹித்