முப்பத்தொன்று

பேலா ரேபர் வளைவில்
சிவப்பு வட்டத்தைப் பிடித்து வண்டிகளை நிறுத்துகிறேன்.
காலடியில் தண்ணீர்க் கேன்.
நேவென்கா கருவியின் கால்களைத் திருகுகிறாள்;
மட்டம் பார்க்கும் குமிழ் நடுவுக்கு வர மறுக்கிறது.
புர்யா காற்று வீசும் நாட்களில்
கார்ஸ்ட் மேட்டில் எதுவுமே நேராக நிற்காது.

"நனை" என்கிறாள்.
காய்ந்திருக்கும்போது எல்லாச் சாலையும் உத்தமம்தான்.
நனைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

கிடையாகத் தூக்கிய கை விடுபட்டு விழுகிறது.
நுனியில் கட்டிய ரப்பர்
ஒரு சாணுக்கும் குறைவாகத் தரையை உரசிவிட்டு
மறுபுறம் ஏறுகிறது,
எட்டிய உயரத்தில் முள்ளை விட்டுவிட்டு
கை மட்டும் திரும்பி வருகிறது.
பிடிப்புள்ள தரை ஊசலை இழுத்து வைக்கும்.
இந்தத் தரை வழியனுப்பி வைத்தது.

முப்பத்திரண்டு.
முப்பத்தொன்று.
முப்பத்தொன்று.
முப்பது.
முப்பத்தொன்று.
தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதிக்கொள்கிறேன், பதினொன்று.

செஷானா பேக்கரியில் இரவு வேலை முடித்து
மாவு படிந்த செருப்போடு வந்து நிற்கிறாள் டனிலா.
அவள் வீட்டுச் சுவரில் ஒரு லாரி அகலத்துக்கு இடைவெளி.
"எண்ணியாயிற்றா? என் கணக்கு ஒன்பது" என்கிறாள்.
"ஒன்பதாவது பால் லாரி. ஓட்டியவன் பெயர் ஸ்ரெச்கோ.
அதிர்ஷ்டக்காரன் என்று அர்த்தம்.
உயிரோடு இருக்கிறான், ஆமாம்.
மூன்று நாள் என் தக்காளிப் பாத்தியில் பால் நாறியது."

நேவென்கா நிமிரவில்லை.

பதினொரு வருடம் முன்பு
இந்த வெள்ளைக் கல்லை இரும்புக் குண்டுகளோடு
உருளைக்குள் போட்டு ஐந்நூறு சுற்று சுற்றியவள் அவள்.
உடையவில்லை.
'நீடித்து உழைக்கும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.
பொய்யில்லை, பாருங்கள், இன்றுவரை ஒரு குழி கிடையாது.
சுண்ணாம்புக் கல் உடையாது, பெயராது,
டயர்களுக்குக் கீழே படுத்தபடி
தேவாலயத்து முதல் படிபோல மினுமினுப்பாகும்.
மினுங்குமா என்று அன்று படிவத்தில் கட்டம் இல்லை.
இல்லாத கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை
என்று காரில் ஒருமுறை சொன்னாள், என்னிடம் அல்ல,
கண்ணாடித் துடைப்பானிடம்.

ஆகஸ்டில் மேல்தோலைச் சுரண்டி எடுத்தார்கள்.
வடக்கே எங்கிருந்தோ கறுத்த கல் வந்தது.
கையில் தேய்த்தால் மணல் உதிர்கிற கல்.
"இதுவா உழைக்கும்?" என்றான் ரோலர் ஓட்டிய பையன்.
ஒரு மணி உதிர்ந்தால்
அதன் இடத்தில் இன்னொரு முனை எழும், அவ்வளவுதான்.
உதிர்வதே அதன் வேலை.
இருபது வருடம் தாங்காது. தெரிந்தேதான் போட்டோம்.

முதல் வாரம் முள் எங்களைக் கேலி செய்தது.
புதுத் தார் கல்லுக்கு மேல் பூசிய நெய்போல.
"இதற்கா என் வாசலை மூன்று வாரம் மூடினீர்கள்?"
தார்ப்படலம் தேயட்டும் என்றோம்.
வேகம் குறை என்று பலகை நட்டோம்.
டனிலா பலகையில் சட்டை காயப் போட்டாள்.

அக்டோபர். கேன், குமிழ், சிவப்பு வட்டம்.
அறுபத்து மூன்று.
நேவென்கா எனக்குக் காட்டாமல் இன்னொரு முறை வீசினாள்.
அறுபத்து மூன்று.

டனிலாவுக்கு இப்போது வேறு குறை.
சாலை இரைகிறதாம்,
பகலில் தூங்க முடியவில்லையாம்.
சுவர்? கட்டவில்லை.
"ஒரு மழைக்காலம் போகட்டும்" என்று
எங்களுக்கு ரொட்டி கொடுத்தாள், முந்தைய இரவுடையது.

இறங்கும்போது தூறத் தொடங்கியிருந்தது.
வளைவில், முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை,
நேவென்கா சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

நின்றது.

என் காப்பி முழுவதும் மடியில்.
அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.
துடைப்பானைப் போட்டாள்.