ஒன்றுவிட்ட சொந்தம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
இந்த மேசையில் செல்லாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு, அக்டோபர்.
சீல்வால்ட் காடு, வடக்குச் சரிவு,
விழுந்த பீச் மரம், அடிப்பக்கம், மழை.
இவ்வளவையும் பென்சிலில் எழுதிவைத்த எமில் ஸ்கிராகன்
லாங்நாவ் ஊரின் கணக்கு வாத்தியார்.
காலுறை விளம்பரம் வந்த செய்தித்தாளை மடித்துச் செய்த உறை.
உள்ளே ஒரு வெள்ளைப் பொருக்கு,
சுவரில் உரிந்த சுண்ணாம்பு போல.
பெயர் எழுதி அதன்கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.
சந்தேகமில்லாத மனிதர்.

பின்னால் வந்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.
அறுபத்தொன்றில் ஒருவர் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்.
எண்பத்தெட்டில் ஒருவர் அதையும் அடித்தார்.
ஓரத்தில் யாரோ
'பொருக்கெல்லாம் ஒரே பொருக்கு' என்று
ஜெர்மனில் சலித்துக்கொண்டிருக்கிறார்.
இப்போது என் முறை.

சவர அலகால் முடியளவு சீவி
ஒரு சொட்டு அயோடின்.
நீலம் வரவில்லை.
வராததும் ஒரு குணம்,
படிவத்தில் அதற்கும் கட்டம் உண்டு.
இழையின் கணுதோறும் சிறு கொக்கி.
கண்ணுக்கு எட்டியது இவ்வளவே.
இந்தக் கண்ணை நம்பித்தான்
துளையுள்ளதெல்லாம் ஒரு வீடு
செவுளுள்ளதெல்லாம் ஒரு வீடு என்று
நெடுங்காலம் குடிவைத்திருந்தோம்.

மரபணு வந்து பந்தியைக் கலைத்தது.
குடை பிடித்து நிற்பதும்
தட்டுப்போல் மரத்தில் ஒட்டியிருப்பதும்
கட்டையடியில் பெயின்ட் போலப் பூசிக்கிடப்பதும்
கூடப்பிறந்தவையாம்.
அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரண்டு வெள்ளைகளோ
எத்தனையோ கோடி ஆண்டு முன்பே பாகம் பிரித்தவை.
பங்காளி என்றுகூடச் சொல்ல முடியாது.
ஒரே தெருவில் குடியிருந்து
ஒரே வேலை பார்த்து
முகம் ஒத்துப்போனவை.
செத்த மரத்தைத் தின்கிற வேலை.

இதில் நாமும் வருகிறோம்.
காளானுக்கு மரம் சாப்பாடு;
சொந்தம் என்று பார்த்தால்
மரத்தைவிட நான்தான் கிட்டத்துச் சொந்தம்.
மதியத்துக்குக் காளான் கறி கொண்டுபோன நாளில்
ரெகுலா இதைச் சொன்னாள்.
நான் கொஞ்சம் மெதுவாக மென்றேன்.

வியாழன் மூன்று மணிக்கு வரிசைகள் வந்தன.
உறைக்குள் ஒருவர் அல்ல, இருவர்.
ஒருவருக்கு வாத்தியாரின் பெயரே பொருந்துகிறது,
அத்தனை அடித்தலும் திருத்தலும் வீண்.
மற்றவர் கிளைப்படத்தில்
யார் பக்கத்திலும் உட்காரவில்லை.
கணினியை ஆயிரம் முறை திருப்பிக் கேட்டேன்.
நானூற்றுப் பத்து முறை ஒரு கொப்பில் வைத்தது,
மீதி முறை வாய்க்கு வந்த இடத்தில்.
'எங்கள் பிள்ளை' என்று சபையில் ஒரு கையும் உயரவில்லை.

"பெயர் வைத்துவிடு, உன் பெயரையே" என்றாள் ரெகுலா.
அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி
இந்த ஊர்ப் பதிவேடு என்னை
ஃப்ராவ் தாமோதரம்பிள்ளை ஆக்கியிருக்கிறது.
ஒரு குழப்பம் போதும் என்றேன்.

சனிக்கிழமை காட்டுக்குப் போனோம்.
பாதையை மறித்து விழுந்த பீச்சை
அறுத்து உருட்டிவிட்டிருந்தார்கள்.
வெட்டுமுகத்தில்
மையில் நனைத்த நூல் போலக் கறுப்புக் கோடுகள்.
காளான்கள் உள்ளே சந்தித்து
இதுவரை நீ, இதற்கப்பால் நான் என்று போட்ட வேலி.
வேற்றினம் என்றில்லை,
ஒரே இனத்தின் இரண்டு உடல்களும்
இப்படிக் கரிக்கோடு போட்டுக்கொள்ளும்.
இதைக் கடைந்து கிண்ணமாக்கி
தொண்ணூறு பிராங்குக்கு விற்கிறான் தன் மைத்துனன்,
அவனுக்கு இது வெறும் பூவேலை என்றாள் ரெகுலா.

கோட்டின்மேல் விரல் வைத்தேன்.
தொட்டறிவது ஓரறிவு என்று
கடைசிப் பந்தியில் உட்காரவைத்தோமே,
அந்த ஓரறிவில்
இருட்டுக்குள், ஈரத்துக்குள்
யார் எவர் என்று தெரிந்துவைத்திருக்கின்றன.
நாங்கள்தான் சீட்டு எழுதுகிறோம்.

திங்கட்கிழமை
பழைய சீட்டு எதையும் உரிக்கவில்லை.
அவற்றுக்குக் கீழே இன்னொன்று ஒட்டினேன்:
அ. வாத்தியார் சொன்னது சரி.
ஆ. தெரியவில்லை.
தேதி. என் முதலெழுத்து.

பென்சிலில்தான் எழுதினேன்.