மில் தூசி

புதுவயலில் யாரும் கேட்பதில்லை
முகத்தை ஏன் மூடியிருக்கிறாய் என்று.
நெல் அவியும் புகை, தவிடு,
காற்று திரும்பினால் கண்ணுக்குள் உமி.
கணக்கெழுதும் என் மேசையிலேயே
சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம்.

மூன்று நாளாய் இருமல்.
"தூசியா?" என்றார் சூப்பர்வைசர் சாத்தப்பன்.
தலையாட்டினேன்.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை,
நானும் என்னைக் கேட்கவில்லை.
லீவு போட்டால் நாள் சம்பளம் போகும்.
தீபாவளிக்கு வாங்கிய முன்பணம்
இன்னும் ஆறாயிரம் நிற்கிறது.
ஒரு பாரசிட்டமால், சுடுதண்ணி,
நீல முகமூடி, பத்து ரூபாய்க்கு மூன்று.
ஊரெல்லாம் கழற்றி எறிந்து
இரண்டு வருஷம் ஆகிவிட்டதால்
மெடிக்கல் கடைப் பையன் தேடி எடுத்து
வாயால் ஊதித் தந்தான்.

ஐந்தே முக்கால் டவுன் பஸ்.
எனக்கு ஜன்னல்.
பக்கத்து இடம் காலி.
பார்த்தார்கள், நின்றுகொண்டே வந்தார்கள்.
கட்டணமில்லாத டிக்கெட்டைக் கண்டக்டர்
என் விரல் படாத நுனியில் நீட்டினார்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பூக்கூடை ஏறியது.
"பொன்னழகு, முன்னால போ."
அவள் முன்னால் போகவில்லை.
"செத்தத் தள்ளிக்கம்மா" என்று
தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தாள்.
கூடை பாதி அவள் மடியில், பாதி என் மடியில்.
ஈரத்துணியை விலக்கினாள்.
நெருக்கித் தொடுத்த மல்லிகை,
ஓரத்தில் கொஞ்சம் மரிக்கொழுந்து.
"கொப்புடையம்மன் வாசல்ல
ஏழு மணிக்குள்ள வித்தாத்தான்."

குனிந்தேன்.
ஒன்றுமில்லை.
முகமூடிதான் மறிக்கிறது என்று
கீழே இழுத்துவிட்டு
மரிக்கொழுந்து மூக்கில் உரச
இழுத்தேன்.
பச்சைத் தண்ணீர்.
அதுகூட இல்லை, தண்ணீருக்கு ஒரு வாசம் உண்டு.

இழுத்த மூச்சை
அவள் பூவின் மேல்தான் விட்டேன் என்பது
விட்ட பிறகு தெரிந்தது.

கண்டனூரில் பஸ் நிற்குமுன் எழுந்துவிட்டேன்.
"கழனிவாசல்னுதானே வாங்கினீங்க?"
பதில் சொல்ல வாய் திறக்கவேண்டும்.
திறக்கவில்லை.

நடந்தேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.
ஆளில்லாத இடம் பார்த்துக் கழற்றினேன்.
எதிரே ஒரு சைக்கிள்.
மாட்டினேன்.
கழற்றினேன்.
டிவிஎஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி, நடுவில் குழந்தை.
மாட்டினேன்.
இருட்டு உதவும் என்று நினைத்தால்
வண்டிகள் எல்லாம் விளக்கோடு வந்தன.

ஆஸ்பத்திரியில் நீளமான குச்சி.
"உமையாள், முப்பத்தி நாலு" என்று
சத்தமாய்க் கூப்பிட்டவள்
அடுத்த சொல்லைக் குரல் தாழ்த்திச் சொன்னாள்.
"யார் யாரோட இருந்தீங்க?"
வீட்டுக்காரர். மகள். சாத்தப்பன். மில்லில் எட்டுப் பேர்.
பேனா காத்திருந்தது.
"வேற?"
ஒரு பூக்கூடையை
எந்தக் கட்டத்தில் எழுதுவாள்?
சொல்லாமல் வந்தேன்.

பதினோரு நாள்.
கதவுக்கு அந்தப் பக்கம் மகள்
பதினாறாம் வாய்ப்பாட்டைத் தினமும் தப்பாய்ச் சொன்னாள்.
இந்தப் பக்கமிருந்து நான் திருத்தினேன்.
சாத்தப்பன் போனில் இருமிக்கொண்டே
என் உடம்பை விசாரித்தார்.

பன்னிரண்டாம் நாள் அதே பஸ், வெறும் முகம்.
அதே நிறுத்தம்.
"செத்தத் தள்ளிக்கம்மா."

என்னை அவளுக்குத் தெரியவில்லை.
அன்று பார்த்தது இரண்டு கண்கள்தானே.
இன்று மூக்கு, உதடு, மோவாயில் மச்சம்
எல்லாம் சேர்ந்து வேறு யாரோ.
கூடையிலிருந்து ஏதோ வந்தது.
வாசம் என்று சொல்லமுடியாது,
அடுத்த தெருவில் யாரோ பேசுவது போல.

அவள் இருமினாள்.
பிறகு இன்னொரு முறை, முந்தானைக்குள்.

"தூசியா?" என்றேன்.

தலையாட்டினாள்.

பைக்குள் மிச்சமிருந்த ஒற்றை முகமூடி
கைக்கு அகப்பட்டது.
அவளுக்கா, எனக்கா என்று தெரியாமல்
மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தபடி இருந்தேன்,
கழனிவாசல் தாண்டியும்.