பதினேழாம் இலக்கம்

கடிதம் இங்கிலீசில் வந்தது.
நிறோஜன் தமிழில் சொன்னான்:
அமெரிக்காவில் ஒருத்தர்
நண்டிறைச்சிக்குள்ளே ஓட்டுத்துண்டு ஒன்றைக் கடித்துவிட்டாராம்.
பல்லுக்கு ஒன்றுமில்லை.
மனம்தான் நொந்துபோச்சாம்.

தகரத்தின் அடியில் திகதி, தொகுதி, மேசை.
மேசையில் பதினேழு.
பதினேழு நான்.

நாவாந்துறைக் குளிரறைக்குள்
விடிய நாலரைக்கு வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து,
மூக்குத்திக்கு மேலே பிளாஸ்ரர்.
அனலைதீவில் வலை கழற்றிய நண்டெல்லாம்
நீலம் போய், அவிந்து, சிவந்து வரும்.
துடுப்புக்காலோடு வரும் பெருந்துண்டு தனி,
உதிரி தனி, கடிகால் தனி.
கண்ணை நம்பக் கூடாது, விரல் நுனிதான் பார்க்கும்;
சதையின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் ஓடு.

தகரம் தாய்லாந்து. மூடி வேறெங்கோ.
வலைநூல் சீனா, வள்ளத்து எஞ்சின் யப்பான்.
நண்டு மட்டும் எங்கட கடல்,
அதுவும் பிடிபடும்வரைக்கும்.

லொறி வெளிக்கிட்டால் பளை, கிளிநொச்சி, வவுனியா...
அதுக்குப் பிறகு
எனக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் முடிந்துவிடும்.

போன மாசியில் யாரோ எங்கேயோ வரியைக் கூட்ட
கிலோவுக்கு நூற்றைம்பது இறங்கியது.
ஆர் இறக்கினது?
துண்டைப் புரட்டிப் பார்த்த யுவக்கீன் அண்ணைக்குத் தெரியேல்லை,
நிறோஜனுக்குத் தெரியேல்லை,
கொழும்பு ஒஃபிஸ் "மார்க்கெட்" என்றது.
அண்ணை அன்றைக்கு மண்ணெண்ணெய் கடனுக்கு வாங்கினார்.
மார்க்கெட்டைப் புரட்டிப் பார்த்தால்
அடியில் இலக்கம் ஏதுமில்லை.

ஓட்டுத்துண்டு அப்படியில்லை.
சுங்கம், கிடங்கு, கடைத்தட்டு, கரண்டி,
எல்லாவற்றையும் கடந்து போய்,
ஒரு பல்லில் பட்டு,
வந்த வழி பிசகாமல்
மூன்று மாதத்தில் என் மேசைக்குத் திரும்பிவிட்டது.
மன்னாருக்குப் போகவே
நான் இரண்டு தரம் பஸ் விசாரிக்கிறவள்.

"கையெழுத்து வையுங்கோ, கொறற்றி அக்கா."
வைத்தேன்.
முந்நூறு ரூபா பிடிப்பு.

"தம்பி, இதுக்குப் பதில் போகுமோ?"
"போகும். என்ன எழுத?"

எங்கட வீட்டில் நண்டை
ஓட்டோடு கடித்துத்தான் உறிஞ்சுவது எண்டு எழுது.
பல்லுக்கு ஒன்றும் ஆகாது எண்டு எழுது.
அந்தத் தகரம் அவருக்கு
எத்தனை டொலர் எண்டும் கேள்.

நிறோஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அதுக்கு இதில கட்டம் இல்லை, அக்கா.

அதுக்குள்ளே அடுத்த கூடை வந்துவிட்டது.
இன்றைக்கு எல்லாம் சின்ன நண்டு.