பிரேக்

முதல் முறை வந்தபோது கல் என்றேன்.
முதுகில் வலி, வலப்பக்கம்.
சிறுநீரில் நாலைந்து சிவப்பணு.
ஓர் ஊசி, மூன்று நாள் மாத்திரை,
நிறையத் தண்ணீர் குடியுங்கள்.
சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.

இன்று இரவு பதினொன்றே கால்.
சயான் தண்டவாளத்தில் முழங்கால் தண்ணீர்.
இசக்கிதுரை மறுபடி வந்திருக்கிறார்,
தாராவித் தோல்பைகளைப் பன்வேலில் இறக்கிவிட்டு
டெம்போவைத் தானே ஓட்டிக்கொண்டு.

தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் கோடு போட்டு
புத்தகம் சொன்ன இடத்தில் அழுத்துகிறேன்.
"அங்கன ஒண்ணுமில்ல டாக்டர்."
சட்டென்று கையை எடுக்கிறேன்.
ஒன்றுமில்லை.
பிசைந்து வைத்த மாவுபோல் இளகிக் கிடக்கிறது வயிறு.

ஸ்கேன் அறையிலிருந்து தாள் வருகிறது:
குடல்வால் தென்படவில்லை.
அதை 'இல்லை' என்று வாசித்துவிடுகிறது
இருபது மணி நேரம் தூங்காத கண்.
சிடி எந்திரம் போன வாரமே படுத்துவிட்டது.
கர்மர்கர் சார் போனில் கொட்டாவி விடுகிறார்:
கல்தான், காலையில் பார்ப்போம்.

எழுதக் குனிகையில்
அவர் சுவரிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"செம்பூர்லேர்ந்து ஒம்பது சிக்னல்.
ஒவ்வொண்ணுக்கும் உசுரு போச்சு."
குலுங்கினதாலயா?
"குலுங்குனா பரவால்ல.
ஆக்சிலேட்டர்லேர்ந்து காலத் தூக்கி
பிரேக்குக்குக் கொண்டு போவணும்லா,
அதுக்குள்ள."

பேனா நின்றது.

இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க அண்ணாச்சி.
வலது காலைப் பின்னால் இழுத்தேன்,
துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல மெல்ல.
அவர் போட்ட சத்தத்தில்
கட்டிலுக்கடியில் தூங்கிய பூனை ஓடியே போனது.

கர்மர்கர் சாரை மறுபடி எழுப்பினேன்.

இரண்டரை மணிக்குப் பார்த்தோம்.
பெருங்குடலுக்குப் பின்னால் மடங்கி
ஈரலைப் பார்த்து ஏறி,
இடுப்புத் தசைமேல் சாய்ந்து
நுனி கறுத்துக் கிடந்தது வால்.
முன்னால் காற்றடைத்த தலையணையாய்க் குடல்,
அதைத்தான் இத்தனை நேரம் அழுத்தியிருக்கிறேன்.

காலையில் கண்விழித்தவரிடம் சொன்னேன்.
"சின்னதுலயே எங்கம்மா சொல்லும்,
ஒன் வால ஒட்ட நறுக்கணும்லேன்னு."
சிரித்தால் தையல் இழுக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு யோசித்து,
"அப்ப மூணு நாளா
குடங்குடமாத் தண்ணி குடிச்சேனே, அது?"

டெம்போ ஆம்புலன்ஸ் வழியை மறித்து நின்றது.
வாட்ச்மேன் இரண்டு முறை வந்து திட்டிவிட்டான்.
சாவியை வாங்கி நானே நகர்த்தினேன்.
சுவரோரம் வந்ததும்
காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தேன்.

ஒரு சாண்கூட இல்லை.